ஒரு மழை போகட்டும் என்ற சிகாமணி

முதல் நாள் சாயங்காலம் சிகாமணியின் எண்ணிலிருந்து இரண்டு முறை ஃபோன் வந்தது. நான் எடுக்கவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்குள் மூன்று முறை வந்தது. மூன்று முறையும் நானே துண்டித்தேன். வாலாஜாபாத் பக்கம் ஒரு ரைஸ் மில்காரருக்கு நெல் குடோன் கட்டும் வேலை எட்டு மாதமாகச் சுண்ணாம்புக் கோடு போட்ட நிலையிலேயே நின்றுகொண்டிருந்தது. காரணம் தெய்வசிகாமணி. மண் பரிசோதனை அறிக்கை கேட்டதற்கு, கோடையில், "ஒரு மழ போவட்டும்" என்றார். ஐப்பசி போயிற்று, கார்த்திகை போயிற்று, மார்கழியும் போய்த் தை பிறந்துவிட்டது. இப்போது எதற்குக் கூப்பிடுகிறார் என்று எனக்குத் தெரியாதா? இன்னொரு மழை போகட்டும் என்று சொல்லத்தான். மில்காரரிடம் தினமும் திட்டு வாங்குகிறவன் கான்ட்ராக்டரான நான், அவர் இல்லை. அதனால் துண்டித்தேன்.

நான்காவது முறை வேறொரு எண்ணிலிருந்து வந்தது. எடுத்தேன். அவருடைய மனைவி கஸ்தூரி.

"இன்னாண்ணா, ஃபோன எடுக்கவே மாட்டீங்களா? காத்தாலருந்து அடிச்சிக்கினே கீறேன். அவுரு பூட்டாருண்ணா."

எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. அறிக்கையைக் கொடுக்காமல் போய்விட்டாரே இந்த மனுஷன் என்ற எரிச்சல்தான் முதலில் வந்தது. துக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் சிகாமணியைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு, இருந்ததை இல்லை என்று எழுத முடியாது.

உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் வீடோ கடையோ சிறு பாலமோ கட்டிய எல்லோரும் அவரிடம் ஒரு தடவையாவது வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பீர்கள். உங்களுக்கு அறிமுகம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கட்டடம் தாங்குமா என்று மண்ணைச் சோதித்துச் சொல்வது அவர் தொழில். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மாவு மில்லின் பின்கட்டில் வாடகைக்கு ஓர் அறை. அதில் சல்லடைகள், ஒரு தராசு, மண்ணைச் சுடவைத்துக் காயவைக்கும் ஓர் அடுப்பு, கண்ணாடிக் குடுவைகள். வாசலில் 'மண் பரிசோதனைக் கூடம்' என்று பலகை மாட்டியிருந்தார். அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு விவசாயிகள் துண்டில் மண்ணை முடிந்துகொண்டு வந்து, "இதுக்கு இன்னா உரம் போடறது சார்?" என்று கேட்பார்கள். "பயிருக்கு இல்லய்யா, வூட்டுக்கு" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், கடைசியில் பாதிப் பேருக்கு உரமும் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அது சரியாகத்தான் இருந்தது என்று கேள்வி.

எந்த மண்ணைக் கண்டாலும் அவர் கை சும்மா இருக்காது. ஒரு சிட்டிகை எடுத்து, நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, உள்ளங்கையில் உருட்டுவார். களி அதிகம் இருந்தால் மண் நூல் போல நீண்டுகொண்டே போகும், 'திரிக்குது' என்பார். களி இல்லாவிட்டால் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். கல்யாண வீட்டில் பந்தல் கால் நட்ட குழியிலிருந்து மண் எடுத்து இப்படி உருட்டியவரை எனக்குத் தெரியும், பக்கத்தில் நின்று மானம் போனவன் நான்தான்.

இதைவிட மோசமானது மண்ணெண்ணெய் விவகாரம். இரண்டு குடுவைகளில் ஒரே அளவு மண் தூளைப் போடுவார். ஒன்றில் தண்ணீர், இன்னொன்றில் மண்ணெண்ணெய். ஒரு நாள் முழுக்க அப்படியே வைத்துவிட்டு, மறுநாள் எது எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பார்ப்பார். மண்ணெண்ணெயில் எந்த மண்ணும் ஊதாது. கெட்ட களிமண் தண்ணீரில் ஊதிக்கொண்டு மேலே வரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த மண்ணின் குணம். இதற்கு எண்ணெய் எங்கிருந்து வரும்? கஸ்தூரி ரேஷன் கடையில் வரிசையில் நின்று வாங்கி வந்ததுதான். "அடுப்புக்கு இல்லாத கிருஷ்ணாயில் மண்ணுக்கு கீதா?" என்று அந்த அம்மாள் கேட்பது மில் வாசல் வரை கேட்கும். அதற்குப் பதிலை அவர் என்னிடம்தான் சொல்வார்: "கிருஷ்ணாயில்ல எல்லா மண்ணும் நல்ல மண்ணுதான் ஏகாம்பரம். தண்ணி காட்டு, அப்பத்தான் புத்தி தெரியும்."

ஒரு தடவை அவருடன் பஸ்ஸில் போய் நான் பட்ட பாடு இருக்கிறதே. சில சோதனைகளுக்கு அவரிடம் கருவி இல்லை, சென்னைப் பக்கம் ஒரு கல்லூரிக்குக் கொண்டுபோக வேண்டும். பூமிக்குள் குழாயை இறக்கி, மண்ணைக் கலைக்காமல் அப்படியே எடுத்து, இரண்டு பக்கமும் மெழுகு ஊற்றி அடைத்து, ஈரத் துணி சுற்றியிருந்தார். முழங்கை நீளக் குழாய். அதைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு செங்கல்பட்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார். நிற்க இடமில்லாத கூட்டம்.

"இன்னா சார் அது? கீய வைங்க, ஜனம் நிக்குது பாருங்க" என்றார் கண்டக்டர்.

"கீழ வெச்சா ஆடும். உள்ள மண்ணு கீது."

"மண்ணா? மண்ணு ஆடுனா இன்னா சார், ஒடைஞ்சா பூடும்?"

"ஆடுச்சின்னா அது வேற மண்ணு. பூமிக்குள்ள எப்டி இருந்துச்சோ அப்டியே போவணும்."

வேகத்தடை வரும்போதெல்லாம் அவர் குழாயுடன் எழுந்து, முழங்காலை மடக்கி நின்று, தடை தாண்டியதும் உட்கார்ந்தார். பஸ் முழுக்க எங்களையே பார்த்தது. பக்கத்து சீட்டில் இருந்த ஓர் அம்மாள், வெள்ளைத் துணி சுற்றிய அந்தக் குழாயை வெகுநேரம் பார்த்துவிட்டு, "யாரு நைனா, அப்பாவா?" என்று மெல்லக் கேட்டார். அஸ்தி என்று நினைத்துவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சிகாமணி தலையை ஆட்டிவிட்டார். அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார், கூட்டம் விலகியது, இரண்டு பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். இறங்கியதும் நான் கத்தினேன். அவர் அமைதியாகச் சொன்னார்: "அஸ்தின்னா எடம் வுடறாங்க, மண்ணுன்னா வுட மாட்டேங்கறாங்க. நான் இன்னா பண்ண?"

இதெல்லாம் சிரிக்கிற கதைகள். சிரிக்க முடியாத கதை ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்த அஞ்சலி அஞ்சலியாகாது.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு முதல் அரசாங்க வேலை கிடைத்தது. ஏரியை ஒட்டிய ஓர் ஊரில் இரண்டு வகுப்பறை கொண்ட பள்ளிக்கூடம். ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன், நான் செய்த காரியத்துக்கு அந்த ஊரின் பெயர் எதற்குக் கெட வேண்டும்? பழைய ஓட்டுக் கொட்டகை பாதி சரிந்துவிட்டதால் குழந்தைகள் புளியமரத்தடியில் படித்தார்கள். மழைக்கு முன் கட்டி முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வேலை இன்னொருவருக்குப் போய்விடும். தலைமையாசிரியை விமலா டீச்சர் வாரம் ஒரு தடவை என் சிமெண்ட் குடோனுக்கே வந்து, "பசங்க வெயில்ல கருகுதுங்க சார்" என்று நிற்பார்.

சித்திரை மாதம் சிகாமணியை அழைத்துக்கொண்டு போனேன். குழி தோண்ட, ஊர் ஓரத்து இருளர் குடியிருப்பிலிருந்து குப்பன் வந்தார். அவர் மகள் செல்வி அதே பள்ளியில் இரண்டாம் வகுப்பு. கடப்பாரை போட்டால் 'ணங்' என்று திரும்பி வந்தது, அவ்வளவு கெட்டி. எனக்கு ஒரே சந்தோஷம். சிகாமணி மட்டும் குந்தி உட்கார்ந்து, தரையில் இருந்த வெடிப்பு ஒன்றில் கையை விட்டார். மணிக்கட்டு வரை உள்ளே போயிற்று.

"கல்லு மாதிரி கீதுய்யா" என்றேன்.

"இப்ப கல்லுதான். கோடைல இம்மாம் வாயத் தொறக்கற மண்ணு, மழைல சும்மா இருக்குமா? ஊதும். செவுத்தத் தூக்கும். அப்பறம் காஞ்சா கீழ வுடும். ஒரு மழ போவட்டும், பாத்துட்டு ஆழமா அஸ்திவாரம் சொல்றேன்."

"மழைக்கு முன்ன முடிக்கணும்யா!"

"முடிக்கணும்னு ஆபீஸ் சொல்லுது. மண்ணு சொல்லலயே."

அவருக்கு என்ன, சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள், என் கை அன்று நுழையக் கூடாத இடத்தில் நுழைந்தது. அந்த ஊருக்கு அரை மைல் தள்ளி எனக்கு ஒரு செம்மண் மேடு இருந்தது. வீடு கட்ட வேண்டும் என்று நல்ல மண்ணாகப் பார்த்து வாங்கிய இடம். குப்பனை அங்கே தோண்டச் சொல்லி ஒரு மூட்டை மண் எடுத்தேன். அதைச் சிகாமணியிடம் கொண்டுபோய், பள்ளி மனையின் கிழக்கு மூலையில் இரண்டாவது குழி போட்டேன், அங்கே வேறு மண் வருகிறது என்று சொன்னேன்.

அவர் ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீர் விட்டு உருட்டினார். உதிர்ந்தது. என் முகத்தைப் பார்த்தார்.

"எங்க எடுத்த?"

"அதே எடம்தான்."

"சரி, நாலு நாள் போயி வா."

அறிக்கை வந்தது. இங்கிலீஷில் டைப் அடித்த மூன்று பக்கம். தாங்கும் சக்தி என்ற கட்டத்தில் நான் எதிர்பார்த்ததைவிட நல்ல எண். நான் அந்த எண்ணை மட்டும் பார்த்தேன். ஆபீஸிலும் அந்த எண்ணை மட்டும்தான் பார்த்தார்கள். வேலையை ஆரம்பித்தேன். அந்தச் சமயம் பார்த்துக் கஸ்தூரிக்கு ஆபரேஷன், சிகாமணி கூடத்தைப் பூட்டிக்கொண்டு சென்னையில் மூன்று மாதம் தங்கிவிட்டார். எனக்கு நல்ல காலம் என்று நினைத்துக்கொண்டேன். சுவர் எழும்பியது, கூரை போட்டோம், நீல வண்ணம் அடித்தோம். திறப்பு விழாவில் எல்லாக் குழந்தைகளும் உள்ளே ஓடினார்கள். குப்பன் மகள் செல்வி மட்டும் புளியமரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"கூச்சம் சார், ரெண்டு நாள்ல வந்துடுவா" என்றார் டீச்சர்.

கூச்சம் இல்லை. குப்பன் வேலியோரம் நின்றிருந்தார். நான் போய்க் கேட்டேன்.

"ரெண்டு குயியும் தோண்டனவன் நானு கான்ட்ராக்டரே. நீங்க பண்ணது உங்களோட. எம் பொண்ண உள்ள வுட மாட்டேன்" என்றார்.

அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைத்தது, ஆனால் ஜாங்கிரி கொடுத்துக்கொண்டிருந்தார்கள், வாங்கித் தின்றுவிட்டு வந்துவிட்டேன்.

பத்து நாள் கழித்துச் சிகாமணி ஊர் திரும்பி, நேராக என் குடோனுக்கு வந்தார்.

"கடைசி வரி படிச்சியா?"

"எந்த வரி?"

அவர் முகம் வெளுத்துப்போனது. என் அலமாரியிலிருந்த அறிக்கையை எடுத்து மூன்றாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். டைப் அடித்த எழுத்துக்கு எல்லாம் கீழே, நீல மசியில், தமிழில், அவர் கையால் எழுதியிருந்தது: 'இந்த மண் எடுக்கப்பட்ட இடத்தில் பள்ளிக் கட்டடம் கட்டத் தடையில்லை.'

"மூட்டையப் பாத்ததுமே தெரியும்யா. ஏரி ஓரத்துல செம்மண்ணு எங்கருந்து வரும்? நீ படிச்சிட்டு வெக்கப்பட்டுக்கினு வருவன்னு பாத்தேன்." சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். "நக்கல் பண்ணிட்டேன். மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கணும். கொழந்தைங்க ஒக்கார்ற எடத்துல நக்கல் பண்ணியிருக்கக் கூடாது. தப்பு எம்மேலயும் கீது."

அவர் அப்படித் தன் மேல் பழி போட்டுக்கொண்டதுதான் எனக்கு இன்னும் கோபத்தை மூட்டியது. கட்டி முடித்தாயிற்று, ஒன்றும் ஆகாது, போ என்றேன். மழைக்கு முன் ஊரில் சொல்லிவிடு என்றார். சொல்லமாட்டேன் என்றேன். அவரே ஆபீஸுக்கு எழுதினார். கட்டடத்தில் ஒரு கீறல்கூட இல்லையே, எதை வைத்து மூடுவது என்று கேட்டார்களாம். பிறகு வாரம் ஒரு நாள் சைக்கிளில் அந்த ஊருக்குப் போக ஆரம்பித்தார். சுவரை விரலால் தடவிக்கொண்டே சுற்றி வருவார்.

ஐப்பசியில் ஏரி நிரம்பியது. இரண்டாவது வாரம் கதவு இறுகிக்கொண்டு சாத்த வரவில்லை. மூன்றாவது வாரம் ஜன்னல் மூலையிலிருந்து மேலே சாய்வாக ஒரு விரிசல். அதன் குறுக்கே சிறிய கண்ணாடித் துண்டு ஒன்றை இரண்டு பக்கமும் சிமெண்ட் வைத்து ஒட்டினார். சுவர் அசையாவிட்டால் கண்ணாடி அப்படியே இருக்கும், அசைந்தால் உடையும். இரண்டு நாளில் உடைந்தது. இன்னொன்று ஒட்டினார். அது மறுநாளே உடைந்தது.

அன்று காலை டீச்சரிடமிருந்து எனக்கு ஆள் வந்தது. போனேன். கொட்டுகிற மழை. பள்ளிக் கதவில் தன் வீட்டுப் பூட்டைப் போட்டுவிட்டு, படியில் குடையுடன் உட்கார்ந்திருந்தார் சிகாமணி. கையில் உடைந்த கண்ணாடி. சுற்றிலும் பெற்றவர்கள், நனைகிற குழந்தைகள்.

"கண்ணாடித் துண்டு ஒடஞ்சதுக்கா சார் ஸ்கூல மூடுவாங்க?" டீச்சருக்கு அழுகையே வந்துவிட்டது.

"இன்னா பேஜார் பண்ணிக்கினு கீற நீ? கொயந்தைங்க நனையுது, தொறய்யா!" ஒருவர் அவர் சட்டையைப் பிடித்தார்.

அவர் பூட்டின் மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டார். என்னைப் பார்த்ததும், "சொல்ல வேண்டியவரு வந்துட்டாரு. அவுரக் கேளுங்க" என்றார். அவ்வளவுதான். என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை.

அங்கிருந்து போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மரத்தடியில் செல்வி ஒரு யூரியா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். நான் வாயைத் திறந்தேன். சோதித்த மண் இந்த இடத்து மண் இல்லை என்றேன். பாதிப் பேருக்குப் புரியவில்லை. "மூட்டையத் தூக்கனது நான்தான்" என்று குப்பன் முன்னால் வந்தார், அதற்குப் பிறகு எல்லோருக்கும் புரிந்தது. ஒரு தாய் என்னைக் கேட்டார்: "உம் புள்ளையா இருந்தா உள்ள வெச்சிருப்பியா?" அந்த வாரமே ஜன்னலுக்கு மேலிருந்த சன்ஷேட் கழன்று விழுந்தது. கீழே யாரும் இல்லை. பூட்டுச் சாவி அப்போதும் அவர் பையில்தான் இருந்தது.

என் கான்ட்ராக்ட் லைசென்ஸ் போனது, திரும்பி வர இரண்டு வருடம் ஆயிற்று. புதிய பள்ளியை என் செலவில் கட்டித் தருவதாக ஒப்புக்கொண்டேன். எங்கே கட்டுவது என்று ஊர்க்கூட்டத்தில் பேச்சு வந்தபோது சிகாமணி எழுந்து, "நான்தான் ஏற்கெனவே எழுதிக் குடுத்துட்டேனே" என்று உட்கார்ந்துவிட்டார். மண் எடுத்த இடம். என் வீட்டு மனை! என் மனைவி ஒரு மாதம் என்னுடன் பேசவில்லை. மேட்டை எழுதிக் கொடுத்தேன். சரி, இந்த மண்ணைத்தான் சோதித்தாயிற்றே, நாளைக்கே அஸ்திவாரத்துக்கு வாணம் தோண்டலாம் என்று கடப்பாரையுடன் போய் நின்றால், இந்த மனுஷன் குறுக்கே வந்து நிற்கிறார்.

"நான் பாத்தது ஒரு மூட்டை மண்ணு. மேடு முழுக்க அதே மண்ணுதானா? ஒரு மழ போவட்டும்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கடப்பாரையை வேலிக்கு அந்தப் பக்கம் வீசினேன். அவர் நிதானமாகப் போய் அதை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். ஒரு மழை போயிற்று. அதுவரை பாடம் கோயில் மண்டபத்தில் நடந்தது. அந்தப் பள்ளி இப்போதும் அங்கே நிற்கிறது. ஒரு கதவுகூட இறுகவில்லை. செல்வி அங்கேதான் ஐந்தாம் வகுப்பு முடித்தாள். நான் இன்னும் வாடகை வீட்டில் இருக்கிறேன்.

அதற்குப் பிறகு பதின்மூன்று வருடம் அவர் அறிக்கை இல்லாமல் நான் ஒரு செங்கல் வைக்கவில்லை. இதை நட்பு என்று சொல்ல முடியுமா தெரியாது. சண்டை போடாமல் நாங்கள் ஒரு டீ குடித்ததில்லை. நெல் குடோனுக்கு அறிக்கை கேட்டு நான் போட்ட கடைசிச் சண்டையில், "மண்ணு பொய் சொல்லாதுய்யா. நாமதான் கோடைல ஒரு வார்த்த கேட்டுட்டு ஓடிப்பூடறோம்" என்றார். நான் கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன். அதுதான் நான் அவரிடம் கேட்ட கடைசிப் பேச்சு.

அவரை அடக்கம் செய்தது ஏரிக்கரைக்குக் கீழே உள்ள இடுகாட்டில். குழியில் இறக்கியதும் ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டோம். என் முறை வந்தது. குனிந்து மண்ணை அள்ளினேன், ஈர மண். நிமிர்ந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. பக்கத்தில் நின்ற குப்பன்தான் என் கையைப் பார்த்துவிட்டு, அழுகைக்கு நடுவில் கேட்டார்.

"இன்னா கான்ட்ராக்டரே, திரிக்குதா?"

திரித்தது. உள்ளங்கையில் நூலாக நீண்டு, உடையவே இல்லை. சுத்தக் களி. ஊரில் இவ்வளவு இடம் இருக்க, இந்த மனுஷனை இப்படிப்பட்ட மண்ணிலா கொண்டுவந்து வைக்க வேண்டும் என்று எனக்குத் தாங்க முடியாத கோபம் வந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பாதி மண்ணைப் போட்டேன். மீதி என் சட்டைப் பையிலேயே வீட்டுக்கு வந்துவிட்டது.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனபோது கஸ்தூரி ஓர் உறையைக் கொடுத்தார்.

"உங்களுதுதாண்ணா. மொத நாளு சாய்ங்காலம் எய்தி முடிச்சாரு. உங்களுக்கு ரெண்டு தபா அடிச்சாரு. நீங்க எடுக்கலன்னதும், 'எடுக்க மாட்டான், கோவமா கீறான், காத்தால நேர்ல போயி சொல்றேன்'னு படுத்தாரு."

குடோன் அறிக்கை. இப்போதெல்லாம் எந்தக் காகிதம் வந்தாலும் நான் அடியிலிருந்துதான் படிக்கிறேன். மூன்றாம் பக்கத்தின் அடியில், நீல மசியில் எழுதியிருந்தது: 'மழையும் பார்த்தாயிற்று. கட்டலாம் ஏகாம்பரம்.'

எத்தனை வருடமாக அவர் வாயிலிருந்து 'கட்டலாம்' என்ற ஒரு சொல் நேரத்துக்கு வராதா என்று காத்திருந்தேன். வந்தது. இரண்டு தடவை வந்தது. நான்தான் எடுக்கவில்லை.

அன்று கூடத்தைத் திறக்கச் சொல்லி, சட்டைப் பையில் கொண்டுவந்து காயவைத்திருந்த மண்ணைப் பொடித்து, அவருடைய இரண்டு குடுவைகளில் போட்டேன். கஸ்தூரி தானே ரேஷன் எண்ணெய்க் கேனைக் கொண்டுவந்து வைத்தார். மறுநாள் போய்ப் பார்த்தபோது எண்ணெயில் மண் போட்ட அளவிலேயே இருந்தது. தண்ணீரில் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஊதியிருந்தது. நான் குடுவையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் அவர் மகன் முரளி வந்தான். சென்னையில் வேலை, லீவு முடிந்து கிளம்ப வேண்டும்.

"மாமா, முப்பதாம் நாளுக்குள்ள அப்பாவுக்கு ஒரு மேடை கட்டி, பேர் போட்டுடணும். நீங்கதான் கட்டணும்."

"கட்டறேன். ஒரு மழ போவட்டும்."

"மாமா, சும்மா ஒரு சிமெண்ட் மேடை! இப்பத்தான் மழ முடிஞ்சிது. அடுத்த மழன்னா ஐப்பசி!"

"ஐப்பசிதான். இப்ப ஊதிக்கினு கீற மண்ணு, கோடைல எறங்கும். இப்ப கட்டுனா சித்திரைல வெடிக்கும்."

முரளி தன் அம்மாவைப் பார்த்தான். கஸ்தூரி எண்ணெய்க் கேனின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"அவுரு பூட்டாரு, இனிமே இந்த ரோதன இல்லன்னு நெனச்சேன்" என்றார். பிறகு மகனிடம், "வுட்ருடா. லேட்டானா உள்ள கீறவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அவசரமா கட்டுனாத்தான் கோவிச்சிப்பாரு" என்றார்.

நெல் குடோன் வேலை நடக்கிறது. மேடை கட்டவில்லை. சிகாமணியை அறிந்த நீங்கள் எல்லோரும் வழியில் மடக்கி, 'கான்ட்ராக்டர், ஒரு மேடைக்கு இவ்வளவு நாளா?' என்று கேட்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். அவருடைய சல்லடைகளையும் தராசையும் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு என்று நான் வைத்துக்கொண்டது அவருடைய ஒரு வாக்கியத்தை மட்டும்தான், கேட்டுக் கேட்டு நான் வெறுத்துப்போன வாக்கியம். இப்போது அதை நான் சொல்லும்போது ஊரே என் மேல் எரிந்து விழுகிறது. விழட்டும். ஐப்பசி வரைக்கும் மேடை கிடையாது.